தூலோன் முதல் சயாம் வரை: ஒரு குடற்புழுவின் வரலாறு

மனிதக் குடலில் வாழும் புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வரம்பு உண்டு. நாக்குப்பூச்சி ஓரிரு ஆண்டுகளும் கொக்கிப்புழு சில ஆண்டுகளும் வாழ்ந்து மடிகின்றன. அவற்றின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி மண்ணில் பக்குவமடைந்தால்தான் அடுத்த தலைமுறை இன்னோர் உடலுக்குள் நுழைய முடியும் என்பதால், அசுத்தமான மண்ணோடு தொடர்பு அறுந்துபோன ஒருவரின் வயிற்றில் பூச்சிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை, நாளடைவில் குறைந்து ஒழிந்தும் போகிறது. இந்தப் பொது விதிக்கு உட்படாத புழு ஸ்ட்ராங்கிலாய்டஸ் ஸ்டெர்கொராலிஸ். இரண்டு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் நீளமும் நூலினும் மெல்லிய உடலும் கொண்ட இதன் பெண்புழு, சிறுகுடலின் உட்சவ்வில் புதைந்து, ஆண்புழுவின் துணையின்றியே முட்டையிட்டு, தன் குஞ்சுகளுள் சிலவற்றை அதே உடலுக்குள் மீண்டும் செலுத்தி, நாற்பது ஐம்பது ஆண்டுகள் வரை தன் குடியை நீட்டித்துக்கொள்ள வல்லது. உடல் நலமாக உள்ளவரை அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது. நோயாலோ மருந்தாலோ எதிர்ப்பாற்றல் குன்றும்போது கட்டுமீறிப் பெருகி, நுரையீரல் முதல் மூளையுறை வரை பரவி உயிரைக் குடிக்கிறது. இந்த நிலையை மருத்துவர்கள் மிகைத்தொற்று என்பர். இப்புழுவைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி படைவீரர்களின் உடல்களிலிருந்தே கிடைத்தது. படைவீரருக்கு மருத்துவமனைப் பதிவேடும் ஓய்வூதியக் கோப்பும் இருந்தன; அதே மண்ணை மிதித்த கூலிக்கு அவை இல்லை.

1876இல் பிரான்ஸின் தென்கரைத் துறைமுகமான தூலோனில், கடற்படை மருத்துவர் லூயி நோர்மான், கொச்சின்-சீனாவிலிருந்து திரும்பியிருந்த வீரர்களின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதில் ஏராளமான சிறு புழுக்கள் நெளிவதைக் கண்டார். கொச்சின்-சீனா என்பது இன்றைய தென் வியட்நாம். நம் மேற்குக் கரையின் கொச்சியோடு குழப்பிக்கொள்ளாதிருக்கப் போர்த்துகீசியர் அப்பெயரோடு சீனாவைச் சேர்த்தனர் என்பர். புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற சைகோன் அதன் தலைநகரம். 1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைக் கைப்பற்றியது முதல், அங்கே பணியாற்றித் திரும்பிய வீரர்களில் பலர் மாதக்கணக்கில் நீங்காத வயிற்றுப்போக்கால் இளைத்து, எலும்பும் தோலுமாகிக் கப்பலிலும் தாயகத்து மருத்துவமனைகளிலும் இறந்துவந்தனர். ‘கொச்சின்-சீன வயிற்றுப்போக்கு’ என்றே அதற்குப் பெயர் வழங்கியது. நோர்மானின் நோயாளிகள் இந்நோய்க்கு ஆளானவர்களே. அவர் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த கடற்படை மருந்தியலாளர் ஆர்தர் பவே, புழுவின் விலாங்கு போன்ற நெளிவையும் அது கிடைத்த இடத்தையும் கருதி, ‘மலத்தில் வாழும் குட்டி விலாங்கு’ என்னும் பொருள்பட அதற்கு லத்தீனில் பெயர் சூட்டினார். பின்னர் இறந்த நோயாளிகளின் உடல்களை அறுத்துப் பார்த்தபோது குடலிலும் பித்த நாளத்திலும் கணைய நாளத்திலும் வேறு வடிவமுடைய புழுக்கள் தென்படவே, அவற்றைத் தனியினம் என்று கொண்டு இரண்டாவது பெயர் ஒன்றையும் இட்டார்.

வெப்பநாட்டுப் போர்களில் தோட்டாவைக் காட்டிலும் வயிற்றுப்போக்கே மிகுதியான வீரர்களைக் கொன்ற காலம் அது. கொலையாளி கிடைத்துவிட்டான் என்ற நம்பிக்கை எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. வயிற்றுப்போக்கே இல்லாத பலரிடமும் இதே புழு இருப்பதும், வயிற்றுப்போக்கால் இறந்தோர் பலரிடம் அது இல்லாதிருப்பதும் அடுத்தடுத்த ஆண்டுகளில் தெரியவந்தன. அமீபாச் சீதபேதி முதலிய பிற காரணங்கள் தெளிவாகத் தொடங்கியதும், புழு மீதான குற்றச்சாட்டு மெல்லக் கைவிடப்பட்டது. அதை வெறும் உடனிருப்பாகக் கருதும் போக்கு அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நீடித்தது. நோர்மானின் முடிவு மிகையானது என்பது உண்மையே. எனினும், பட்டினியாலும் பிற நோய்களாலும் நலிந்த உடல்களின் பித்த நாளம் வரை புழு ஏறியிருந்ததை அவரும் அவரைச் சார்ந்தோரும் கண்ணால் கண்டு எழுதி வைத்திருந்தார்கள். பின்னாளில் மிகைத்தொற்று என்று அழைக்கப்பட்டதன் முதற்குறிப்பு அதிலேயே இருந்தது என்று கொள்ள இடமுண்டு.

புழுவின் வாழ்க்கை வட்டத்தை அவிழ்க்கும் பணி இதற்கிடையே இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் சென்றது. 1879இல் பத்திஸ்தா கிராசி இதனைப் பிற புழுக்களிலிருந்து பிரித்து ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் பேரினமாக வகுத்தார். பவே இரண்டு இனங்கள் என்று எண்ணியவை ஒரே புழுவின் இரண்டு பிறவிகள் என்பதை ருடால்ஃப் லாய்க்கார்ட் 1880களின் தொடக்கத்தில் விளக்கினார்: மலத்தோடு மண்ணில் விழும் குஞ்சுகள் அங்கேயே ஆணும் பெண்ணுமாய் வளர்ந்து கூடி ஒரு தலைமுறையைப் பெறக்கூடும், அந்தத் தலைமுறை மீண்டும் மனிதனை நாடும். மண்ணில் ஆணும் பெண்ணும், உடலில் பெண் மட்டும் என்னும் இந்த இரட்டை வாழ்வு ஒட்டுண்ணி உலகில் மிக அரிது. மண்ணிலிருந்து உடலுக்குள் நுழையும் வழி அப்போது தெரியவில்லை. கெய்ரோவில் ஆர்தர் லோஸ் என்பாரின் கையில் கொக்கிப்புழுக் குஞ்சுகள் இருந்த நீர் தற்செயலாகச் சிந்தி, சிறிது நேரத்தில் அவ்விடம் சிவந்து அரித்ததிலிருந்து, புழு தோலைத் துளைத்து உள்ளே செல்ல வல்லது என்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது. ஸ்ட்ராங்கிலாய்டஸும் அவ்வாறே தோல்வழி நுழைவதை 1902இல் வான் துர்மே சீமைப்பெருச்சாளிகளைக் கொண்டு காட்டினார். தோலில் நுழைந்த குஞ்சு இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கிறது.

ஆயினும், வெப்பநாட்டை விட்டு நீங்கிப் பல ஆண்டுகள் ஆனவரிடமும் இப்புழு ஏன் ஒழியவில்லை என்னும் கேள்வி எஞ்சியிருந்தது. ஹாம்பர்கில் ஃப்ரீட்ரிஷ் ஃப்யூலபோர்னும் தைவானில் நிஷிகோரியும் 1920களில் செய்த ஆய்வுகள் அதற்கு விடை தந்தன. மற்றப் புழுக்களின் முட்டைகள் மலத்தோடு அப்படியே வெளியேற, இதன் முட்டைகளோ குடலிலேயே பொரிந்துவிடுகின்றன. அவ்வாறு பொரியும் குஞ்சுகள் வழக்கமாக மலத்தோடு வெளியேறி மண்ணில்தான் முதிர்கின்றன என்றாலும், சில குஞ்சுகள் குடலைக் கடப்பதற்குள்ளாகவே தோலுரித்து முதிர்ந்து, பெருங்குடலின் சுவரையோ ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலையோ துளைத்துத் திரும்பவும் இரத்தத்தில் கலக்கின்றன. இதற்குத் தன்தொற்று என்று பெயர். ஒருமுறை நுழைந்த புழுவின் வழித்தோன்றல்கள், புதிதாக ஒரு பிடி மண்ணையும் தொடாத உடலில் ஆயுள் முழுவதும் தொடர்வதற்கு இதுவே காரணம்.

இந்த அறிவு ஆய்வுக்கூடங்களில் சேர்ந்துகொண்டிருக்கையில், அதனைப் பேரளவில் சோதித்துப் பார்ப்பது போன்ற கொடுமையொன்று 1942இல் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், தொடங்கியது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியப் படை அமைத்த இருப்புப்பாதை, 1943 அக்டோபரில் முடிவதற்குள், 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளையும் இரண்டு லட்சம் அளவிலான ஆசியத் தொழிலாளர்களையும் காட்டுக்குள் இழுத்துச் சென்றது. கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களுள் இறந்தோர் 90,000 அளவில் இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. ஆள்கணக்கே சரியாக வைக்கப்படாத இடத்தில் பிணக்கணக்கும் மதிப்பீடாகத்தான் இருக்க முடியும். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 70,000க்கும் மேற்பட்டோரில் பெரும்பான்மையினர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். ஏற்றுமதி நின்றதால் பால்மரம் வெட்டும் வேலை போய், அரிசியும் கிடைக்காமல் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் முடங்கிக் கிடந்தவர்களை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை என்ற வாக்குறுதியோடு முதலில் அழைத்தார்கள். பிறகு, இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிவைத்துக் கதவை அடைத்தும், சாலையில் போவோரை மறித்தும் லாரியில் ஏற்றினார்கள். மலேசியத் தமிழர் நாவில் ‘சயாம் மரண ரயில்’ என்று நிலைத்துவிட்ட அப்பாதை, ஆர். சண்முகம் எழுதிய நாவலின் தலைப்பாகவும் ஆயிற்று.

1943ஆம் ஆண்டின் பருவமழை முகாம்களை ஸ்ட்ராங்கிலாய்டஸுக்கு ஏற்ற விளைநிலமாக்கிற்று. மூங்கிலை வரிசையாகப் பரப்பி, இடையே இடைவெளி விட்டு மூடிய நீண்ட குழிகளே அங்கே கழிப்பிடம். மழை வலுத்தபோது குழிகள் நிரம்பி வழிந்து, மலம் கலந்த நீர் குடிசைகளுக்குள்ளும் நடைபாதைகளிலும் பரவியது. சீதபேதி கண்டவன் ஓரிரவில் இருபது முறை அந்தச் சேற்றைக் கடக்க வேண்டியிருந்தது. சப்பாத்துகள் மட்கிப்போனபின் கைதிகளும் வெறுங்காலர்களே, தோட்டத்திலிருந்து வந்தவர்கள் முதலிலிருந்தே வெறுங்காலர்கள். மலத்தோடு விழும் குஞ்சு இரண்டொரு நாளிலேயே தோலைத் துளைக்கும் பருவத்தை எட்டிவிடும் என்பதை நினைத்தால், அச்சேற்றில் நின்ற எவரும் தப்பியிருப்பது அரிது என்பது விளங்கும். காலரா, மலேரியா, பெரிபெரி, எலும்பு தெரியும் கால்புண்கள் ஆகியவை நாள்தோறும் ஆளைக் கொண்டுபோன இடத்தில், தோலில் ஏற்பட்ட சிறு அரிப்பைப் பொருட்படுத்துவார் யாருமில்லை. கைதிகளிடையே அவர்களுடைய படை மருத்துவர்கள் இருந்தனர். மருந்தின்றியும் கருவியின்றியும் அவர்கள் செய்த பணியும், ஒளித்து வைத்த குறிப்புகளும் பின்னர் நூல்களாயின. தொழிலாளர் முகாம்களில் அத்தகையோர் இல்லை. 1943 நடுவில் சிங்கப்பூரிலிருந்து கைதி மருத்துவர்களும் உதவியாளர்களும் கொண்ட இரு குழுக்கள் அம்முகாம்களுக்கு அனுப்பப்பட்டபோது, காலரா ஏற்கெனவே பலவற்றை வெறுமையாக்கியிருந்தது.

போர் முடிந்து இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் திரும்பிய கைதிகளில் சிலருக்கு ஒரு விந்தையான தொல்லை தொடர்ந்தது. பிட்டத்திலோ தொடையிலோ இடுப்பிலோ திடீரென்று ஒரு சிவந்த கோடு தடித்து எழும். கடும் அரிப்போடு மணிக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை அது நீண்டு செல்லும். பேனாவால் அதன் முனையைக் குறித்துவைத்தால் அடுத்த வேளை உணவுக்குள் கோடு அக்குறியைத் தாண்டிப் போயிருப்பதைக் காணலாம். ஓரிரு நாளில் அடங்கிவிடும், சில வாரமோ சில மாதமோ கழித்து வேறிடத்தில் தோன்றும். தன்தொற்றில் ஈடுபட்ட குஞ்சு தோலுக்கடியில் ஓடும் தடம் இது. ‘ஓடும் குஞ்சு’ என்று பொருள்படும் லார்வா கரன்ஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். மருத்துவரிடம் காட்டப் போகும்போது தோலில் ஒன்றும் இராது என்பதால், முகாம் வாழ்வின் மனவடு என்று இதனை ஒதுக்கித் தள்ளுவது எளிதாயிற்று. நோயாளிகளும் நாளடைவில் இதனைச் சொல்வதை விட்டார்கள்.

அந்த அரிப்புக்கு வேறொரு பொருள் உண்டு என்பதை உலகுக்கு உணர்த்தியது நோயன்று, மருந்து. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கார்ட்டிசோன், இரண்டே ஆண்டில் நோபல் பரிசைப் பெற்றது. அதனைத் தொடர்ந்து வந்த ஸ்டீராய்டு மருந்துகள் ஆஸ்துமா முதல் சிறுநீரக நோய் வரை எல்லாவற்றுக்கும் வழங்கப்பட்டன. உடலின் எதிர்ப்பாற்றலைத் தணித்து வீக்கத்தைக் குறைப்பதே அவற்றின் தன்மை. 1966இல் இரண்டு மருத்துவ இதழ்களில் வெளிவந்த கட்டுரைகள், ஒன்று பிரேசிலில் ஸ்டீராய்டு பெற்ற நோயாளிகள் ஸ்ட்ராங்கிலாய்டஸால் இறந்ததையும், மற்றொன்று நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவரிடம் அது பரவியதையும் விவரித்து, அடங்கிக் கிடக்கும் புழு எதிர்ப்பாற்றல் குன்றும் வேளைக்காகக் காத்திருக்கிறது என்பதை நிறுவின. நலமான உடலில் நூறு குஞ்சுகளில் ஒன்றிரண்டே உள்ளே திரும்புகின்றன என்றால், தளர்ந்த உடலில் அவை திரள்திரளாகத் திரும்புகின்றன. குடற்சுவரைத் துளைக்கும் ஒவ்வொரு குஞ்சும் குடலிலுள்ள பாக்டீரியாக்களைத் தன் மேனியில் ஒட்டிக்கொண்டு இரத்தத்துக்குள் கொண்டுசெல்வதால், நோயாளி புழுவைவிட அது சுமந்து வந்த நச்சுக்கிருமியாலேயே, இரத்தநஞ்சாலும் மூளைக்காய்ச்சலாலும், சாகிறார். சிலருக்குத் தொப்புளைச் சுற்றிக் கட்டைவிரல் பதித்தாற்போன்ற செங்கருநீலத் தடங்கள் தோன்றும். புழு இருப்பதை வழக்கமாகக் காட்டிக்கொடுக்கும் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் ஸ்டீராய்டால் குறைந்துவிடுவதால், அபாயம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அந்த அடையாளமும் மறைந்துபோகிறது.

இதன்பின் பழைய கைதிகளின் அரிப்பு வேறு கண்ணோடு பார்க்கப்பட்டது. அவர்கள் அப்போது ஐம்பது வயதைக் கடந்து, ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் ஸ்டீராய்டு எழுதித் தரப்படும் பருவத்தை எட்டியிருந்தார்கள். விடுதலையாகி முப்பது ஆண்டுக்குப்பின், தாம் அறியாமலே சுமந்துவந்த புழுவால் இறந்தோரும் இருந்தனர். லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் டயன் பெல், ஜெஃப்ரி கில் ஆகியோர் முன்னாள் கைதிகளை முறையாகச் சோதித்து 1979இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் டேவிட் குரோவ் மறு ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அந்த இருப்புப்பாதையில் வேலை செய்த 160 பேரில் 44 பேரிடம் புழு இருந்தது. லிவர்பூலில் 1968 முதல் 2002 வரை பார்க்கப்பட்ட 2,072 முன்னாள் கைதிகளில் 248 பேர், அதாவது எட்டில் ஒருவர், இத்தொற்றுடையவராய் இருந்தனர். சயாம் பாதையில் இருந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. குளிர்நாட்டின் நகர்களில் அரை நூற்றாண்டு வாழ்ந்த மனிதர்களிடம், 1943ஆம் ஆண்டுச் சேற்றில் நுழைந்த புழுவின் பேரப்பிள்ளைகள் உயிரோடிருந்தன.

இந்த எண்கள் கிடைத்ததற்குக் காரணம் ஓர் அலுவலக வசதி. போர்க்கைதியாய் இருந்ததற்கான சான்று, ஓய்வூதியத்துக்கான மருத்துவச் சோதனை, அதற்கென ஒதுக்கிய மருத்துவமனை, அவர்களை ஒருங்கே வைத்திருந்த சங்கங்கள் ஆகியன ஒரு நோயின் ஐம்பது ஆண்டு வரலாற்றை எழுத உதவின. அதே குழிகள் வழிந்த அதே சேற்றில் நின்று, உயிர் தப்பி, பேராக்கிலும் சிலாங்கூரிலும் தம் தோட்டங்களுக்குத் திரும்பிய தமிழர்களுக்குத் தோட்ட எழுத்தரான கிராணியின் செக்ரோல் என்னும் வருகைப் புத்தகமே பதிவேடு. அதில் ஒருவன் எத்தனை நாள் வேலைக்கு வந்தான் என்பது இருக்குமே தவிர, அவன் தொடையில் ஓடிய கோடு இராது. மேலும், அவர்கள் திரும்பியதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த மண்ணுக்கே என்பதால், பழைய புழுவையும் புதிய புழுவையும் பிரித்தறியும் வாய்ப்பும் அங்கே இல்லை. குளிர்நாட்டுக்குத் திரும்பியவனின் உடல்தான் அறிவியலுக்குப் பயன்படும் உடலாயிற்று. அறிவியலின் குற்றம் இதில் சிறிதே. யாரை யார் எண்ணிவைத்தார்கள் என்பதே பெரிது.

பிற்காலச் செய்திகளுள் இரண்டு மட்டும் இங்கே குறிக்கத் தக்கவை. ஜப்பானின் ஒகினாவாவில், எதிர்ப்பாற்றலுக்குத் தேவையான டி-அணுக்களைத் தாக்கும் எச்.டி.எல்.வி.-1 என்னும் நச்சுயிரியும் இப்புழுவும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கையில் நோய் கடுமையாவது 1980களில் கண்டறியப்பட்டது. எய்ட்ஸ் பரவத் தொடங்கியபோது இதே பேரழிவு நேரும் என்று எல்லோரும் அஞ்சினர். உடலெங்கும் பரவிய ஸ்ட்ராங்கிலாய்டஸ் அந்நோயின் அடையாளப் பட்டியலிலும் தொடக்கத்தில் இடம்பெற்றது. அஞ்சிய அளவுக்கு நேராததால், 1987இல் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. எதிர்ப்பாற்றல் குறைவது மட்டுமே புழு பெருகக் காரணம் என்றால் எய்ட்ஸ் நோயாளிகளிடம் அது தாண்டவமாடியிருக்க வேண்டும். ஸ்டீராய்டு புழுவின் தோலுரிப்பையே நேராகத் தூண்டுகிறதோ என்னும் ஐயம் அதனால் வலுப்பெற்றது, அறிஞர்களிடையே விவாதம் இன்றும் முடியவில்லை.

மருந்தின் வரலாறு சுருக்கமானது. ஜென்ஷன் வயலட் என்னும் சாயத்தைப் புகட்டிய காலம் போய், 1960களில் தையாபெண்டசோல் வந்தது. பலன் தந்தாலும் குமட்டலும் தலைசுற்றலும் மிகுதி. ஜப்பானியக் கடற்கரை ஊரொன்றின் மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரிலிருந்து, வில்லியம் கேம்பெல் குழுவினர் உருவாக்கிய ஐவர்மெக்டின், இப்போது இதற்குரிய முதன்மை மருந்து. இருவரும் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஊர்தோறும் பள்ளிகளில் கொடுக்கப்படும் பூச்சி மாத்திரையான ஆல்பெண்டசோல், நாக்குப்பூச்சியையும் கொக்கிப்புழுவையும் குறைக்கும் அளவுக்கு இப்புழுவைக் குறைப்பதில்லை.

2020இல் கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு உயிர்காப்பது தெரியவந்ததும் அது உலகெங்கும் கோடிக்கணக்கில் வழங்கப்பட, புழு மிகுந்த நாடுகளிலிருந்து வந்தோருக்கு ஸ்டீராய்டோடு ஐவர்மெக்டினையும் தர வேண்டும் என்று மருத்துவ இதழ்கள் சில வாரங்களிலேயே எச்சரித்தன. உலகில் இப்புழுவைச் சுமப்போர் 60 கோடி அளவில் இருக்கலாம் என்பது இன்றைய மதிப்பீடு. ஆயினும் வழக்கமான மலச்சோதனை முட்டையைத் தேடுவது, இப்புழுவோ முட்டையை வெளியே விடுவதில்லை, குஞ்சுகளும் நாளுக்கு நாள் கூடியும் குறைந்தும் வெளிப்படுகின்றன. இதற்கென்று உள்ள முறையில், அகார் என்னும் கடற்பாசிக் கூழ் உறைந்த தட்டின் நடுவே சிறிது புது மலத்தை வைத்து மூடிவிடுவர். குஞ்சு இருந்தால் அது இரவெல்லாம் கூழின் மீது ஊர்ந்து திரியும். அதன் மேனியில் ஒட்டிய பாக்டீரியாக்கள் போகும் வழியெல்லாம் உதிர்ந்து வளர, இரண்டொரு நாளில் தட்டில் வளைந்து வளைந்து செல்லும் புள்ளிக்கோடுகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். தட்டும் காத்திருக்கும் நேரமும் இல்லாத மருத்துவமனைகளில், ஸ்டீராய்டு பெற்று மூச்சுத்திணறலோடு கிடக்கும் நோயாளியின் சளியில் காசநோய்க் கிருமி உண்டா என்று பார்க்கக் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியின் கீழ் வைக்கும் ஆய்வக ஊழியர், தேடிய கிருமியைக் காணாமல், தகட்டின் ஓரத்தில் சுருண்டு கிடக்கும் ஒரு குஞ்சைக் காண்கிறார். அவர் கண்ணில் அது படாவிட்டால், இறப்புச் சான்றிதழில் இரத்தநஞ்சு என்றே எழுதப்படும்.